குறுக்கே பேசாத டாக்டர்

"நான் இன்னும் வயித்துவலின்னே சொல்லலை. அதுக்குள்ள மாத்திரை எழுதிட்டீங்க" என்றாள் மனைவி, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி.

டாக்டர் தம் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார். அவள் சொன்னது உண்மைதான். அவள் கதவைத் திறந்து, வயிற்றில் கைவைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு சோபா வரை வருவதற்குள் அவருக்கு வியாதி தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது?

"வலது பக்கம் கை வெச்சிருந்தே. லேசாக் குனிஞ்சு நடந்தே. பித்தப்பையில கல்லு."

"கல்லாவது மண்ணாவது. நான் மனசுல வெச்சிருந்தது வேற. பேச விட்டாத்தானே தெரியும்? மறுபடியும் கதவுகிட்ட போறேன். இந்தத் தடவையாவது வாயை மூடிக்கிட்டு இருங்க."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்துகொண்டு வந்தாள். "இப்ப இடது பக்கம் கை வெச்சிருக்கே" என்றார் டாக்டர்.

விஷயம் இதுதான். டாக்டர் சொந்த நாட்டில் பெரிய அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பொது மருத்துவராக இருந்தவர். காலையில் அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் நோயாளிகளின் வரிசை வாசல்கேட்டைத் தாண்டி ரோட்டில் நிற்கும். ஒவ்வொருவரையும் முழுக்கச் சொல்லவிட்டால் கடைசி ஆள் மறுநாள்தான் வீடு போய்ச் சேர முடியும். ஆகவே அவர் ஒரு முறையை வளர்த்துக்கொண்டார். நடையைப் பார்ப்பார், கண்ணிமையை இழுப்பார், "நாக்கை நீட்டு" என்பார், சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். "அடுத்தது" என்கிற சொல்லும் அதே மூச்சில் வந்துவிடும். அவர் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. கைராசிக்காரர் என்று பெயர். அவர் தங்களைப் பேச விடவில்லை என்று யாரும் குறைப்பட்டதில்லை. குறைப்படவும் அவர் விட்டிருக்க மாட்டார்.

மனைவிக்கு இந்த நாட்டில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அதற்காகத்தான் குடும்பம் நாடு மாறியது. டாக்டருக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு, காய்ச்சல் வராத ஊர் உலகத்தில் ஏது என்பதுதான் அப்போது எல்லோருடைய எண்ணமும். காய்ச்சல் இங்கேயும் இருந்தது. ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க அவருக்கு இந்த நாட்டு உரிமம் வேண்டும். உரிமத்துக்குப் பரீட்சை தேற வேண்டும்.

மொழித் தேர்வில் முதல் தடவையே தேறினார். எழுத்துத் தேர்விலும் அப்படியே. மாட்டிக்கொண்டது செய்முறைத் தேர்வில். நீளமான நடைகூடம், இருபுறமும் அறைகள், அறைக்கு ஒரு நோயாளி. நோயாளி என்றால் நிஜ நோயாளி அல்ல, சம்பளத்துக்கு நடிக்கிறவர். வியாதியை வசனம்போல மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பார். மூலையில் ஒரு தேர்வாளர் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் மார்க் போடுவார். மணி அடித்தால் டாக்டர் உள்ளே போக வேண்டும். மறுபடி அடித்தால் அடுத்த அறைக்கு மாற வேண்டும்.

டாக்டர் இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் எல்லா வியாதியையும் சரியாகச் சொன்னார். இரண்டு தடவையும் தோற்றார். நோயாளியைக் குறுக்கே பேசி அடக்குகிறார், அவர் மனசில் என்ன இருக்கிறது என்று கேட்பதே இல்லை என்று முடிவில் எழுதியிருந்தார்கள். முதல் தடவை ஓர் அறையில் மணியடிப்பதற்கு வெகு முன்பே வேலையை முடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் "அடுத்தது" என்றிருக்கிறார். நடிக்க வந்தவர் எழுந்து வெளியே போய்விட்டாராம்.

விதிப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதிலும் தேறாவிட்டால் இந்த நாட்டில் அவர் எந்நாளும் டாக்டர் ஆக முடியாது. பழைய ஆஸ்பத்திரியில் அவருடைய இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. தோற்றால் அவர் மட்டும் திரும்பிப் போவது, மனைவியும் பள்ளியில் படிக்கிற மகளும் இங்கேயே இருப்பது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்த பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எடுத்தால் அது நடந்துவிடும் என்பதுபோல.

மனைவி கணக்குப் பார்க்கிறவள். எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள். வயிற்றுவலி ஒத்திகைக்கு மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். நோயாளி பேசி முடிக்கிற வரைக்கும் அவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.

முதல் நாள் அவள் நெஞ்சு படபடப்பு என்று சொன்னதும் டாக்டரால் தாங்க முடியவில்லை. தண்ணீர் கம்பளத்திலும் அவள் ஆபீஸ் புடவையிலும் தெறித்தது. ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார். அதுதான் தப்பாகப் போயிற்று.

அன்றைக்கு அவள் தலைவலி என்று ஆரம்பித்தாள். தலைவலி தூக்கமின்மைக்குப் போயிற்று. தூக்கம் ஏன் வரவில்லை என்று சொல்ல வந்தவள், கல்யாணமான புதிதில் தனக்கு டைபாய்டு வந்தபோது அவர் கருத்தரங்குக்குப் போனதைச் சொன்னாள். அதற்கு டாக்டரிடம் பதில் இருந்தது. வாயில் தண்ணீரும் இருந்தது. கையை ஆட்டினார்.

"கையை ஆட்டாதீங்க. அதுவும் குறுக்கே பேசறதுதான்" என்றாள் மனைவி.

கருத்தரங்கிலிருந்து அவருடைய அம்மாவுக்கு வந்தாள். அம்மாவிலிருந்து, அவர் ஒருநாளும் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதற்கு வந்தாள். அவள் சொல்லி முடித்தபோது அவர் வாயிலிருந்த தண்ணீர் வெந்நீராகியிருந்தது. தலைவலி போய்விட்டது, உடம்பே லேசாகிவிட்டது என்று அவள் எழுந்து போனாள். தலைவலி இப்போது அவருக்கு வந்திருந்தது.

இந்த இடத்தில்தான் மைத்துனன் நுழைந்தான். மனைவியின் தம்பி. இவர்களுக்கு முன்பே இந்த நாட்டுக்கு வந்து, சமையலறை அலமாரி விற்கிற கடையொன்றில் சேல்ஸ்மேனாக இருக்கிறான். அவன் பேச்சில் மயங்கி, ஒற்றை அறையில் குடியிருக்கும் ஒருவர் மூன்று அறைக்கான அலமாரி வாங்கிப் போனதாகக் குடும்பத்தில் சொல்வார்கள்.

"அத்தான், வாயை மூடினா மட்டும் போதாது. திறக்கறப்போ என்ன வருதுன்னு பார்க்கணும். எங்க கடையில விலை ஜாஸ்தின்னு யாராவது சொன்னா நாங்க விலையைக் குறைக்கறதில்லை. 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது'ம்போம். வாங்கிக்கிட்டுப் போயிடுவாங்க."

அவன் டாக்டருக்கு மூன்று வாக்கியங்கள் சொல்லிக் கொடுத்தான். 'உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது' என்பது ஒன்று. 'அதைப் பத்தி நீங்க என்ன நினைக்கறீங்க?' என்பது இரண்டாவது. 'வேற ஏதாவது மனசுல இருக்கா?' என்பது மூன்றாவது. டாக்டர் மூன்றையும் சமையலறையில், குளியலறையில், பஸ் ஸ்டாப்பில் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். முதல் இரண்டினால் பெரிய கெடுதல் இல்லை. மூன்றாவதுதான் வினை. மனசில் வேறு ஏதும் இல்லாத மனிதர் ஒருவரும் கிடையாது என்பது டாக்டருக்கு இத்தனை வருஷ அனுபவத்தில் தெரியாமல் போயிருந்தது.

பள்ளி சுற்றுலாவுக்கு அனுமதி கேட்டு மகள் வந்தாள். "அதைப் பத்தி நீ என்ன நினைக்கறே?" என்றார். போகலாம் என்று நினைப்பதாகச் சொன்னாள். "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்றார். புது போன் மனசில் இருந்தது. காது குத்தின இடத்துக்கு மேலே இன்னொரு இடத்தில் குத்திக்கொள்வதும் மனசில் இருந்தது. பரிவான முகத்தோடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததில் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்தாகிவிட்டது. மனைவி வீட்டுக்கு வந்து விவரம் கேட்டபோது, "உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது" என்றார். அவள் பாத்திரத்தைச் சற்றுச் சத்தமாகக் கழுவினாள்.

வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் வேலை பார்க்கிற இடத்துக்கும் அது போயிற்று.

உரிமம் வருகிற வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாதென்று டாக்டர் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற வேலையில் இருந்தார். வார்டிலிருந்து ஸ்கேன் அறைக்கு, ஸ்கேன் அறையிலிருந்து வார்டுக்கு. இளம்பச்சைச் சட்டை, ரப்பர் செருப்பு. அங்கே அவருக்கு ஒரே ஒரு கட்டளைதான் உண்டு. யாருக்கும் எந்த வைத்திய ஆலோசனையும் சொல்லக் கூடாது. சொன்னதாகப் புகார் வந்தால் அது மருத்துவ வாரியத்துக்குப் போகும். போனால் பரீட்சைக்கு உட்காரவே விட மாட்டார்கள்.

அவர் ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது, "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது" என்றார். லிஃப்டுக்குள், "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்றார். அவ்வளவுதான்.

லிஃப்ட் கீழே இறங்கிக் கதவு திறந்தாலும் நோயாளி பேசி முடித்திருக்க மாட்டார். குறுக்கே பேசக் கூடாது என்பதால் டாக்டர் மறுபடி மேல்மாடிப் பொத்தானை அமுக்குவார். இடுப்பு எலும்பு முறிந்த ஓர் அம்மாள், மருமகள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கட்டிடத்தின் எல்லா மாடிகளையும் பார்த்துவிட்டாள். ஸ்கேன் அறையில் ஆள் வரவில்லை என்று போன்மேல் போன் வந்தது. நோயாளிகளோ ஸ்ட்ரெச்சர் வந்ததும் தள்ளுகிறவர் யார் என்று கழுத்தை நீட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். 'வண்டி டாக்டர்' வரட்டும், அதுவரைக்கும் வலியைப் பொறுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தப் பெயர் மேலே இருப்பவர்கள் காதில் விழுந்துவிட்டதா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

விஷயம் முற்றிப் போனது ஒரு பெரியவரால். ஓய்வுபெற்ற நில அளவையாளர், எதையும் அளந்து பேசுகிறவர். குடலிறக்க ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்க வந்த இளம் சர்ஜனிடம், வண்டி டாக்டரிடம் ஒரு வார்த்தை பேசாமல் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்கு என்ன தெரியும் என்று சர்ஜன் கேட்டிருக்கிறார். அவருக்கு எதுவும் தெரியாது, ஆனால் கேட்கிறார் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார்.

சூப்பர்வைசர் டாக்டரைத் துணிமூட்டைகள் வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்கும் மேலே ஆட்கள் உண்டு. இந்தத் தடவை புகாரை எழுதாமல் விடுவதாகவும், இன்னொரு தடவை அந்தப் பெயர் காதில் விழுந்தால் வாரியத்துக்கு எழுதுவதைத் தவிர வேறு வழி இல்லை என்றும் சொன்னார். "பரீட்சை முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. வண்டியைத் தள்ளுங்க, போங்க."

டாக்டர் வாயை மூடினார். தண்ணீர்ப் பயிற்சி கைகொடுத்தது. ஆனால் ஆஸ்பத்திரி என்பது சின்ன இடம். நேற்றுவரை அவ்வளவு கனிவாகப் பேசியவர் இன்று பேசவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டைவிரல் எலும்பு விரிசலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன ஒரு பெண், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அழ ஆரம்பித்தாள். "எதையும் மறைக்காதீங்க சார். எத்தனை நாள் இருக்கு எனக்கு?" டாக்டர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். அவள் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். எக்ஸ்ரே அறைக்குள் அவள் போகும்போது வெளியில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். கையில் பழத்தோடு ஒருவர், வக்கீலோடு ஒருவர்.

சூப்பர்வைசர் அவரை மறுபடி துணிமூட்டை அறைக்குக் கூப்பிட்டார். பரீட்சை வரைக்கும் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். "ஏதாவது பேசுங்கன்னு சொல்லவும் பயமா இருக்கு. பேசாதீங்கன்னு சொல்லவும் பயமா இருக்கு" என்றார்.

லீவு நாட்களில் டாக்டர் போனும் கையுமாக இருந்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தப் பரீட்சைக்குத் தயாராகிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பல நாட்டு டாக்டர்கள். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது, ஆனால் ஒருவர் பயம் எல்லோருக்கும் தெரியும். இந்த வருஷம் பரீட்சையைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், முறையையும் மாற்றிவிட்டார்கள் என்று குழுவில் ஒரே பேச்சு. எல்லாக் கதவிலும் வழக்கமாக நோயாளி பற்றிய குறிப்பு ஒட்டியிருக்கும், ஓர் அறைக் கதவில் மட்டும் அது இருக்காதாம். உள்ளே தேர்வாளரும் இருக்க மாட்டாராம், கேமராவில்தான் பார்ப்பார்களாம். நோயாளி தன் வியாதியை லேசில் சொல்ல மாட்டாராம், பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பாராம். அந்த அறைக்குத்தான் மார்க் அதிகம். இதைச் சொன்னது யார் என்று தேடினால், கேள்விப்பட்டதாக ஒருவர், அவருக்குச் சொன்னதாக இன்னொருவர். எல்லோரும் நம்பினார்கள்.

பரீட்சை நாள் வந்தது. மைத்துனன் காரில் கொண்டுபோய் விட்டான். மனைவி அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். இறங்கும்போது அவர் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"நல்லாப் பண்ணுங்க" என்றாள். பிறகு, "எனக்குத் தனியா இருக்கத் தெரியாதுங்க" என்றாள்.

அதற்கு மூன்று வாக்கியத்தில் எதுவும் பொருந்தவில்லை. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தில் ஓர் அதிகாரியம்மாள் எல்லோரையும் நிறுத்தி வைத்து விதிகளைச் சொன்னாள். வெள்ளைக் கோட்டைக் கழற்றச் சொன்னது டாக்டர் காதில் விழுந்தது. மீதி விழவில்லை. மனசுக்குள் அவர் மூன்று வாக்கியத்தையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

முதல் அறை சுமார். நோயாளியாக நடித்தவர் தம் வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டார். இன்னும் ஏதாவது சொல்வாரோ என்று டாக்டர் காத்திருந்தார். டாக்டர் ஏதாவது கேட்பார் என்று அவர் காத்திருந்தார். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து ஒரு தடவை செருமினார். இரண்டாவது அறையில் டாக்டர் சரியான நேரத்தில் பேசினார், ஆனால் மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டார். மனசில் வேறு என்ன இருக்கிறது என்பது அந்த நடிகருக்கு எழுதிக் கொடுக்கப்படவில்லை. அவர் விழித்தார். கடைசியில், வீட்டுக்காரன் வாடகை ஏற்றிவிட்டதாகச் சொன்னார். அது நிஜம்போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்சம் பிடிபட்டது. ஆஸ்துமாக்காரரிடம் நன்றாகப் போயிற்று. மயங்கி விழுந்ததாகச் சொன்ன பெண்ணிடமும் அப்படியே. நடைகூடத்தில் நின்று டாக்டர் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். நல்லதும் கெட்டதும் சரிக்குச் சரியாக இருந்தன. இன்னும் ஓர் அறை பிரமாதமாக அமைந்தால் கரையேறிவிடலாம். இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரி, ரோடு வரைக்கும் வரிசை, போனில் மனைவி முகம்.

மணி அடித்தது. அடுத்த கதவுக்கு வந்தார். கதவில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

வாட்ஸ்அப்பில் சொன்ன அறை இதுதான். ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு உள்ளே போனார். மூலையில் தேர்வாளர் இல்லை. கூரையில் கறுப்பு உருண்டையாக ஒரு கேமரா. கட்டிலும் கிடையாது. கட்டில் இல்லை என்றால் உடம்பு வியாதி அல்ல, மனசு வியாதி என்று முறைப்படி யோசித்தார். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஏறக்குறைய அவர் வயதே இருக்கும் ஒரு மனிதர், கசங்கின முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கீழே கருவளையம். இவரைப் பார்த்ததும் அவர் சட்டென்று எழுந்து கையை நீட்டினார். இவரும் அதே நேரத்தில் நீட்டியிருந்தார்.

"உட்காருங்க" என்றார் டாக்டர்.

"நீங்க முதல்ல உட்காருங்க" என்றார் அவர்.

இருவரும் சேர்ந்தாற்போல உட்கார்ந்தார்கள்.

"சொல்லுங்க. என்ன பிரச்சினை உங்களுக்கு?"

"நீங்க சொல்லுங்க. அவசரமே இல்லை. நான் கேட்கத்தான் இருக்கேன்."

ஆகா, பேச்சை மாற்றுகிறார் என்று டாக்டர் புரிந்துகொண்டார். குழுவில் சொன்னது சொன்னபடி. இப்படிப்பட்டவரை வற்புறுத்தினால் இன்னும் சுருண்டுகொள்வார். தன்னைப் பற்றி ஏதாவது கொஞ்சம் சொல்லி, நம்பிக்கை வர வைத்து, மெல்ல இழுக்க வேண்டும்.

"எனக்கே கொஞ்ச நாளா மனசு சரியில்லை. அதனால உங்களைப் புரிஞ்சுக்க முடியும்னு நினைக்கறேன்" என்றார்.

அந்த மனிதர் முன்னால் சாய்ந்தார். முகத்தில் அவ்வளவு அக்கறை. எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா என்று கேட்டார். தூக்கம் சரியில்லை என்று டாக்டர் ஒப்புக்கொண்டு, உங்களுக்கு எப்படி என்று கேட்டார். அவருக்கும் சரியில்லையாம். தூக்கமின்மை என்று டாக்டர் மனசில் குறித்துக்கொண்டார். பசி எப்படி என்று அவர் கேட்டார். ஏதோ இருக்கிறது, உங்களுக்கு என்று டாக்டர் கேட்டார். கொஞ்சம் கொடுத்துக் கொஞ்சம் வாங்குவதாக இப்படியே போயிற்று. வேலையைப் பற்றி விசாரித்ததில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குவதாக அவர் சொன்னார். முதுகுவலி உண்டா என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது, உங்களுக்கு என்றார் அவர். வண்டி தள்ளுவதால் தமக்கும் உண்டு என்றார் டாக்டர்.

"வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்று டாக்டர் அடுத்த படிக்கு ஏறினார்.

"பொண்டாட்டி பிள்ளைங்க எல்லாம் ஊர்ல. நான் மட்டும் இங்க. போன்ல பார்த்துக்கறோம்." என்றார் அவர். "உங்க வீட்டுல?"

டாக்டர் மனைவியைப் பற்றிச் சொன்னார். மகளைப் பற்றிச் சொன்னார். ஒரு விஷயம் சரிப்படவில்லை என்றால் தாமும் இவரைப்போலப் போனில்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று சொன்னார். அவ்வளவும் சொல்லவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. எதிரில் இருந்தவர் ஓர் இடத்திலும் குறுக்கே பேசவில்லை. அதுதான் காரணமாக இருக்கும். நிறுத்தலாம் என்று பார்த்தால் வார்த்தை தானாக வந்துகொண்டிருந்தது. காரிலிருந்து இறங்கும்போது மனைவி சொன்னதைக்கூடச் சொல்லிவிட்டார்.

அந்த மனிதர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். டாக்டர் தோளில் கையை வைத்தார்.

"உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது."

இந்த வாக்கியத்தை டாக்டர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவரிடம் யாரும் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஒரு நோயாளி நம் வாக்கியத்தை நமக்கே திருப்பிப் போட்டு வீழ்த்தப் பார்க்கிறான், விடக் கூடாது என்று அறிவு சொன்னது. அவர் சமாளித்துக்கொண்டு, அந்த மனிதர் கையைத் தம் இரு கைகளாலும் பிடித்தார். நிதானமாக, அவசரமே இல்லாமல், தம் வாழ்நாளில் ஒரு நோயாளியிடமும் பேசாத குரலில் பேசினார்.

"நீங்க தனியா இல்லை. எது வந்தாலும் நாம சேர்ந்து பார்த்துக்கலாம். வேற ஏதாவது மனசுல இருக்கா?"

அந்த மனிதரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. டாக்டர் அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். என்ன நடிப்பு, இப்படிப்பட்டவருக்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் தகும் என்று நினைத்துக்கொண்டார். அவர் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, டாக்டருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார்.

மணி அடித்தது.

இருவரும் எழுந்தார்கள். மிகவும் நன்றி என்று டாக்டர் சொன்னார். நன்றி உங்களுக்குத்தான் என்று அவர் சொன்னார். இருவர் முகத்திலும் கரையேறிவிட்ட களை. டாக்டர் தலையை நிமிர்த்தி, கேமராவைப் பார்த்து அளவோடு ஒரு புன்னகை செய்தார். அதே கேமராவைப் பார்த்து அந்த மனிதரும் புன்னகை செய்ததைப் பார்த்தபோது அவருக்கு என்னவோ உறுத்தியது. அதற்குள் கதவு திறந்தது. காலையில் விதிகளைச் சொன்ன அதிகாரியம்மாள் தலையை நீட்டினாள்.

"மன்னிக்கணும், அடுத்த அறையில நோயாளியா நடிக்க வந்தவருக்கு நிஜமாவே காய்ச்சல் வந்துடுச்சு, அதனாலதான் ரெண்டு டாக்டருங்களையும் ஒரே ஓய்வறையில உட்கார வைக்க வேண்டியதாப் போச்சு; மார்க் இல்லாத அறை இது ஒண்ணுதான், கொஞ்சமாவது ஓய்வெடுத்தீங்களா?"